ஏரி பார்த்த வீடு

"இது யாரோட பாஸ் நம்பர் தெரியறதா? நம்மாத்துது."

வெங்கடநாராயணன் கைப்பேசியை இட்லித் தட்டுக்குப் பக்கத்தில் திருப்பி வைத்தார். பத்மஜா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தாள். விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் எடுத்த படம். குடியிருப்பின் ஏரிப் படிகளில், தண்ணீரை ஒட்டிய கடைசிப் படியில், முக்காடு போட்ட ஒரு பெண் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

படத்துக்குக் கீழே குடியிருப்போர் குழுவில் நூறுக்கு மேல் செய்திகள். மூன்றாவது டவரில் ஒரு குழந்தை பயந்து ஜுரத்தில் விழுந்துவிட்டதாம். அந்த உருவம் தண்ணீரோடு பேசுவதைத் தன் காதால் கேட்டதாக ஒருத்தி எழுதியிருந்தாள். கட்டடத்தில் பேய் இருக்கிறது என்றே நாலைந்து பேர் முடிவு கட்டிவிட்டார்கள். கடைசியில் காவலாளிதான் போய், பேயின் கழுத்தில் தொங்கிய பாஸைப் படித்துவிட்டு வந்து சொன்னான். வீட்டு எண் 11-சி. வீட்டு வேலை. பெயர் ஆமினா பீபி.

சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த ஆமினாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் தன் பெயர் எந்த பாஷையில் வந்தாலும் தெரியுமே. குழாய்ச் சத்தம் நின்றது.

"மெதுவாப் பேசுங்கோ."

"எதுக்கு மெதுவா? ஞாயித்துக்கிழமை மீட்டிங்ல நம்மளத்தான் கேப்பா. அவளக் கேளு, காலங்கார்த்தால அங்க என்ன வேலைன்னு."

பத்மஜா கேட்டாள். வங்காளம் அவளுக்குப் பிறந்த ஊர் பாஷை. ஆமினா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "சும்மா காத்தாட உக்காருவேன், மாஷிமா" என்றாள். கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை.

நகரத்துக்குள் லேக் கார்டன்ஸில் முப்பத்தொரு வருஷம் வாடகைக்கு இருந்துவிட்டு, நியூ டவுனைத் தாண்டிய இந்த 'ஜல்சாயா' குடியிருப்புக்கு அவர்கள் வந்து ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. இடம் நல்லதா, இல்லையா என்ற வழக்கு வீட்டில் இன்னும் தீரவில்லை. காற்று வருகிறது, கொசு இல்லை, லிஃப்ட் நிற்பதில்லை என்பது அவர் கட்சி. கறிவேப்பிலைக்கும் காப்பிப் பொடிக்கும் லேக் மார்க்கெட் போய்வர அரை நாள் ஆகிறது என்பது அவள் கட்சி. ஆனால் இந்த வீட்டைத் தேர்ந்தெடுத்ததே அவள்தான். தினமும் சரோபர் ஏரியைச் சுற்றி நடந்து பழகிய கால்; தண்ணீர் கண்ணில் படாமல் இருப்புக் கொள்ளாது என்று அடம் பிடித்தாள். அதற்காகவே ஏரி பார்த்த பதினோராவது மாடி.

வந்த பிறகு அந்தத் தண்ணீர் அவளுக்கு ஒட்டவில்லை. அதன் மேல் பறவை உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை. விடியற்காலையில் காரணமில்லாமல் விழிப்பு வரும். பால்கனிக்குப் போய் நின்றால், யாரோ கீழே யாரையோ கூப்பிட்டுவிட்டு அப்போதுதான் வாயை மூடினாற்போல் இருக்கும். கணவரிடம் சொன்னாள். பிரஷர் மாத்திரையை வேளைக்குப் போட்டுக்கொள் என்றார்.

மறுநாள் ஐந்தரை மணிக்கு அவள் கீழே இறங்கிப் போனாள்.

கடைசிப் படியில் ஆமினா இருந்தாள். பேசிக்கொண்டிருந்தாள். முதல்நாள் மார்க்கெட்டில் பார்த்த பூசணிக்காயைப் பற்றி, மாமியாரின் இருமலைப் பற்றி, தெருநாய் போட்ட நாலு குட்டிகளைப் பற்றி, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்கிற மாதிரி. பத்மஜா இரண்டு படி இறங்கினாள்.

"ஆமினா, யார்கிட்ட பேசற?"

ஆமினா பதறி எழுந்தாள். பிறகு, ஓடுவதற்கு இடமில்லை என்று தெரிந்தவள் போல உட்கார்ந்துவிட்டாள்.

"என் பொண்ணு, மாஷிமா. டுனி. நாலு வயசு. காய்ச்சல் வந்து மூணே நாள்ல போயிட்டா. பன்னெண்டு வருஷம் ஆச்சு."

கை தண்ணீருக்குள் காட்டியது. "இங்க எங்க கிராமம் இருந்துச்சு. சின்னக் குளம், கரையில எங்க கபர்ஸ்தான். டுனிய அங்கதான் அடக்கம் பண்ணினோம். பில்டர் ஆளுங்க வந்து, கபர்ஸ்தான விட்டுட்டுத்தான் கட்டுவோம்னாங்க. எங்களைத் தூரத்துல கொண்டுபோய் வெச்சாங்க. திரும்பி வந்து பாத்தா குளம் ஏரியாயிருக்கு. என் டுனி அடியில போயிட்டா. ஒரு தாழை மரத்த அடையாளம் வெச்சிருந்தேன். அதுவும் இல்ல. பழைய ரோட்டுல இருந்து கால் அடியாலதான் அளந்தேன். இந்தப் படிக்கு நேரா இருக்கா."

பத்மஜா அவளுக்கு மேல் படியில் உட்கார்ந்தாள்.

"வேற இடத்துல கூடச் சம்பளம் தர்றேன்னாங்க. நான் போகல. இந்த பாஸ் இருந்தாத்தான் உள்ள விடுவாங்க. யார்கிட்டயும் சொல்லாதீங்க, மாஷிமா. தெரிஞ்சா பாஸைப் பிடுங்கிடுவாங்க."

சொல்ல மாட்டேன் என்று பத்மஜா கையடித்துக் கொடுத்தாள். அன்று காப்பியை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனவள், பாதி டம்ளரைச் செடியில் கொட்டிவிட்டு உள்ளே வந்துவிட்டாள். ஏழு மாதமாக அந்தக் குழந்தையைப் பார்த்துக்கொண்டேதானே குடித்திருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை சங்கத்தின் கூட்டம், டீயும் ஃபிஷ் ஃப்ரையுமாகக் களை கட்டியது. 'ஜல்சாயாவின் நிறைகுறைகள்' என்று தலைப்புப் போட்டிருந்தார் செயலாளர் மித்ரா. காற்று, நீச்சல் குளம், பத்து நிமிஷத்தில் அலுவலகம் என்று இளைஞர்கள் அடுக்கினார்கள். நல்ல மீன் கிடைப்பதில்லை, கடியாஹாட் கடைத்தெரு எங்கோ இருக்கிறது, மழை பெய்தால் பேஸ்மென்டில் தண்ணீர் என்று வயதானவர்கள் மறுத்தார்கள். சிரிப்பும் கேலியுமாகத்தான் போயிற்று. பிறகு மித்ரா குரலைத் தாழ்த்திக்கொண்டு, வேலைக்கு வருகிறவர்கள் யாரும் இனி ஏரிப் பக்கம் போகக்கூடாது என்ற தீர்மானத்தைப் படித்தார்.

"போகக்கூடாதுதான். குழந்தைங்க பயப்படுது பாருங்க" என்றார் யாரோ.

பத்மஜா எழுந்துவிட்டாள். விஷயத்தைச் சொன்னால் மனசு இளகாத மனுஷர் உண்டா என்று நம்பினாள். சொன்ன சொல் நினைவுக்கு வந்தது; அதையும் மீறிச் சொன்னாள். குளம், கபர்ஸ்தான், நாலு வயது, தாழை மரம். சொல்லி முடித்தபோது கூடத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. அந்த மௌனத்தை அவள் இரக்கம் என்று எடுத்துக்கொண்டாள்.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "இது வெளியில யாருக்காவது தெரியுமா?"

"தண்ணி பார்த்த வீடுன்னுதானே எல்லாரும் வாங்கினோம்? கபர்ஸ்தான் பார்த்த வீடுன்னா நாளைக்கு எவன் வாங்குவான்?"

"பௌதி, நல்ல வேளை, இங்கயே சொன்னீங்க" என்றார் மித்ரா, நன்றியோடு. "இது இந்தச் சுவருக்குள்ளயே இருக்கட்டும். வர்ற வியாழக்கிழமை ஒரு சாந்தி பூஜை பண்ணிடுவோம். எல்லார் மனசும் சரியாயிடும்."

பூஜைக்கும் தடைக்கும் சேர்த்துக் கை தூக்கச் சொன்னார்கள். அவள் பக்கத்தில் வெங்கடநாராயணனின் கையும் எழுந்தது. முழுக்க எழவில்லை, காது வரைக்கும்தான். ஆனாலும் அதையும் எண்ணிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள். "ஏன்னா, நீங்களுமா?"

"எல்லாரும் தூக்கறச்சே நான் மட்டும் என்ன பண்றது? நாம பொழைக்க வந்தவா, பத்மா. இவாளோட ஒத்துப் போகணும்."

"உங்க தாத்தா இந்த ஊருக்கு வந்து நூறு வருஷமாகப் போறது. இன்னும் எத்தனை நாள் வந்தவாளாவே இருக்கப் போறோம்? அவ இங்கயே பொறந்தவ. அவளுக்குக் கரையில உக்கார இடமில்ல."

அவர் டெலிவிஷனைப் போட்டார்.

வியாழக்கிழமை காலை, பூஜைக்காகப் படிகளைக் கழுவ மூன்று பெண்களை அனுப்பினார்கள். அன்றைக்கு மட்டும் விலக்கு என்று மித்ரா குழுவில் அறிவித்திருந்தார். அந்த மூன்று பேரில் ஆமினாவும் ஒருத்தி. கடைசிப் படியை மற்ற இருவரையும் தொடவிடாமல் அவளே கழுவினாள். துடைப்பத்தைப் போட்டுவிட்டுக் கையால் தேய்த்தாள். பிறகு மூவரையும் வெளியே போகச் சொன்னார்கள். சங்கு ஊதினார்கள். புரோகிதர் நாலு திசையிலும் நீர் தெளித்தார். இங்கிருந்து தூரப் போ, எங்களைத் தொந்தரவு செய்யாதே என்று நாலு வயதுக் குழந்தையிடம் முப்பது பேர் கைகூப்பி வேண்டிக்கொண்டார்கள். பத்மஜா பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தாள்.

வேலைக்கு வந்த ஆமினா கோபிக்கவில்லை. கைகளில் பிளீச்சிங் பவுடர் வாடை அடித்தது. "சொல்லாதீங்கன்னு சொன்னேனே, மாஷிமா" என்று மட்டும் சொல்லிவிட்டு அரிசியைக் களைய உட்கார்ந்தாள். அடித்திருந்தால் கூடத் தேவலை என்று இருந்தது பத்மஜாவுக்கு.

அன்று மத்தியானம் அவள் சங்கத்தின் விதிப்புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்திலிருந்து படித்தாள். பத்தொன்பதாம் பக்கத்தில் நிறுத்தினாள். குடியிருப்போர் தம் விருந்தினரை ஏரிக்கரைக்கு அழைத்துச் செல்லலாம். வாயிலில் உள்ள பதிவேட்டில் விவரம் எழுத வேண்டும்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஆமினாவை வழக்கத்தைவிட முன்னாலேயே வரச்சொல்லியிருந்தாள்.

"விடியறதுக்குள்ள எங்க கிளம்பிட்ட?" என்றார் வெங்கடநாராயணன், படுக்கையிலிருந்தபடி.

"விருந்தாளி வந்திருக்கா. ஏரி காட்டப் போறேன்."

"பத்மா, வேண்டாம். மித்ரா நாளைக்கு என்னைத்தான் கேப்பார்."

"கேக்கட்டும். கைதான் தூக்கினேளே, வாயும் இருக்கோன்னோ."

ஆமினா பழக்கத்தில் வேலைக்காரர்களுக்கான லிஃப்டை நோக்கி நடந்தாள். பத்மஜா அவள் மணிக்கட்டைப் பிடித்து, நிலைக்கண்ணாடி பதித்த பெரிய லிஃப்டுக்குள் இழுத்துக்கொண்டாள். பாஸைக் கழற்றித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். பதினோரு மாடியும் ஆமினா கண்ணாடியைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டே இறங்கினாள்.

ஏரிக்கரை வாயிலில் நிமாய் என்ற காவலாளி எழுந்து வழிமறித்தான். "மாஷிமா, இந்தம்மா போகக்கூடாது. இந்த வாரந்தான் உத்தரவு வந்துச்சு."

"வேலைக்காரிதானே போகக்கூடாது? இவ என் விருந்தாளி. பத்தொன்பதாம் பக்கம். புஸ்தகத்தக் குடு."

அவன் தயங்கிப் பதிவேட்டை நீட்டினான். பத்மஜா வங்காளத்தில், அழகான கையெழுத்தில் நிரப்பினாள். பெயர், ஆமினா பீபி. அழைத்து வந்தவர், பத்மஜா, 11-சி. வருகையின் நோக்கம் என்ற கட்டத்தில், 'மகளைப் பார்க்க' என்று எழுதினாள்.

நிமாய் எட்டிப் படித்துவிட்டு நெற்றியைச் சுருக்கினான். "இவங்க பொண்ணு இங்க இருக்குதா? எந்த டவர்? நான் பாத்ததே இல்லையே."

பத்மஜா வாயைத் திறப்பதற்குள் ஆமினா பதில் சொன்னாள். "டவர் எல்லாம் வர்றதுக்கு முன்னாடியே வந்துட்டா தம்பி."

அவன் அவளைப் பார்த்தான். வைகறையில் அசையாமல் கிடந்த தண்ணீரைப் பார்த்தான். பேனாவை மூடினான்.

"காலையில மித்ரா பாபு வந்து படிப்பாரு, மாஷிமா. வேற ஏதாவது எழுதிடலாமா?"

"படிக்கட்டும்" என்றாள் பத்மஜா. "நாளைக்கும் இதேதான் எழுதுவேன்."

நிமாய் வாயிலைத் திறந்துவிட்டான்.