காலி எடை

லாரிகளை எடை போடும் மேடையில் பத்தொன்பது வருடமாக அவளுக்கு வேலை. டிரைவர்களுக்கு அவள் டன்னக்கா. எடையை டன் கணக்கில் கத்திச் சொல்வதால் வந்த பெயர் என்பார்கள். அது மட்டும் காரணமில்லை என்று அவளுக்குத் தெரியும்.

வண்டி மேடையேறினால் டிரைவர், கிளீனர் இருவரும் இறங்கியாக வேண்டும். ஜாக்கி, தார்ப்பாய், தண்ணீர்க் கேன் எல்லாம் கீழே வர வேண்டும். சரக்கில்லாத எதையும் சரக்கோடு சேர்க்க அவள் விட்டதில்லை. அந்தப் பழக்கம்தான் அவளைக் கவிழ்த்தது.

முழங்கால் இரண்டும் தேய்ந்து, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தபோது, இரைப்பையைச் சுருக்கும் அறுவை சிகிச்சைதான் வழி என்றார் டாக்டர். தள்ளிப்போட்டால் இரண்டு வருடத்தில் நடக்க முடியாது என்றும் சொன்னார். காப்பீட்டு நிறுவனம் பணம் கொடுக்க ஒரு வரம்பு வைத்திருந்தது. அவளுடைய உயரத்துக்குக் குறைந்தது நூற்றொன்பது கிலோ இருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் எடை பார்க்க ஏறுமுன் செருப்பைக் கழற்றினாள். சாவிக்கொத்து, போன், வளையல்களை மேசையில் வைத்தாள். 109.6 காட்டியது.

"துணி ஒரு கிலோ இருக்கும். கழிச்சுக்கோங்க" என்றாள். நர்ஸ் கழித்து 108.6 என்று எழுதினார்.

தகுதியில்லை என்று பதில் வந்தது. மறுபடி எடை பார்க்கக் கேட்டு எழுதியதற்கு, முதலில் பதிவானதே இறுதி என்று ஒரே வரி.

"ஒரு கிலோ துணிக்கு உசுரையே குடுத்திருக்க" என்றான் கணவன். "எந்த ஜவுளிக்கடையிலயும் இந்த விலை கிடையாது."

அவளும் சிரித்தாள். சிரித்தபின் இருவரும் சொந்தக் காசில் செய்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டார்கள். இருவர் சம்பாத்தியமும் சேர்த்து இரண்டு வருடம், சாப்பிடாமல் இருந்தால்.

மறு வாரம் மதியம் கணவனின் வேன் மேடைமேல் வந்து நின்றது. பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் பழைய வேன். ஓட்டுவதற்கு யாரும் வாங்க மாட்டார்கள். பின்னாலேயே காயலான் கடைக்காரர் வந்தார். வண்டியை இரும்பு விலைக்கு எடுப்பவர்.

அவன் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. எடை அறையின் ஜன்னலைத் திறந்தாள். "என்னங்க இது?"

"எடையைப் பாத்துச் சொல்லு. மிச்சத்தை அப்புறம் பேசலாம்."

திரையில் 1,640 என்று விழுந்தது. அந்த வேனின் காலி எடை அவளுக்கு மனப்பாடம். வருடா வருடம் தகுதிச் சான்றுக்கு அவளே போட்டுக் கொடுப்பது. நூற்றி இருபது கிலோ கூடுதல்.

அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் டயரைப் பார்த்துக்கொண்டு நின்றான். சீட்டுக்கு அடியில் என்ன வைத்திருக்கிறான் என்று அவள் கேட்கத் தேவையில்லை.

"என்னம்மா, நம்பர் சொல்லும்மா" என்றார் கடைக்காரர். "வீட்டு வண்டின்னு வெட்கமா?"

அவள் படியிறங்கி வந்தாள். இரண்டே படி, கைப்பிடியைப் பிடித்துப் பக்கவாட்டில் இறங்க வேண்டியிருந்தது. கணவன் அருகில் போய்த் தாழ்ந்த குரலில் கேட்டாள்: "இதை வித்தா எவ்வளவு தேறும்?"

"கால்வாசி."

"மிச்சம்?"

"லோன் போடலாம்."

"வண்டிய வித்துட்டு லோனை எதுல கட்டுவீங்க? பிள்ளைங்கள முதுகுல தூக்கிட்டுப் போயா?"

"உனக்கு ஏதாவது ஆனா நான் என்ன பண்ணுவேன்?" என்றான்.

அவள் கடைக்காரரிடம் திரும்பி, "வண்டி குடுக்கலைங்க" என்றாள்.

"இதை முன்னாடியே முடிவு பண்ணியிருந்தா என் டீசலாவது மிஞ்சியிருக்கும்" என்று முனகியபடி அவர் போனார்.

கணவன் வேனைக் கீழே இறக்கினான். சீட்டுக்கு அடியிலிருந்த கருங்கற்கள் கடகடத்தன. மூன்றரைக்குப் பள்ளி விடும். அவன் நிற்க நேரமில்லை.

மேடை காலியானது. அவள் நடந்து போய் அதன் நடுவில் நின்றாள், செருப்போடு, சாவிக்கொத்தோடு. அந்த மேடை பத்துப் பத்துக் கிலோவாகத்தான் எண்ணும். வெளிச்சுவரிலிருந்த சிவப்பு எழுத்து 110 என்று காட்டியது.

வரம்புக்கு மேல் ஒரு கிலோ. அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

பின்னால் ஜல்லி லாரி ஹாரன் அடித்தது. "டன்னக்கா, நீங்க இறங்கினாத்தான் நான் ஏற முடியும்!"

"உன் கிளீனரை முதல்ல இறங்கச் சொல்லு" என்று கத்திவிட்டு, படிக்கட்டின் கைப்பிடியை நோக்கி நடந்தாள். ஏறுவதற்குமுன் இரண்டு படிகளையும் ஒருமுறை பார்த்தாள்.