நாலாவது சோடி

மேடையேற அரை மணித்தியாலம் கூட இல்லை, அந்த நேரம் பார்த்துத்தான் றீற்றாவின் போன் அடித்தது. புருஷன் மரியோ. பின்னால் வருகிறேன் என்று வீட்டில் நின்ற மனுஷன், தண்ணீர்ப் போத்தல் பெட்டியைக் காரில் ஏற்றக் குனிந்தாராம். அவ்வளவுதான், முதுகு பிடித்துக்கொண்டுவிட்டது.

“நிமிர ஏலாது றீற்றா. நிலத்தில கிடந்துதான் கதைக்கன்.”

“நல்ல நாள் பாத்துத்தான் குனிஞ்சிருக்கீங்க!” என்று அவள் போட்ட சத்தத்தில், பக்கத்தில் செலோ வாத்தியத்தைத் துடைத்துக்கொண்டிருந்த லிஸ்பன் பெண் திடுக்கிட்டுத் திரும்பினாள். பிறகு பாவமாக இருந்தது. மருமகனைக் கூப்பிட்டு எண்ணெய் பூசச் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். வைத்த பிறகுதான், தன்னோடு சோடியாக ஆட இனி ஆளில்லை என்பது உறைத்தது.

ரொறொன்ரோ ஏரிக்கரையில் ஒரு வாரமாக நடக்கிற செவ்விசை விழா அது. இந்த வருடம் போர்த்துக்கலுக்கு மரியாதை. லிஸ்பனிலிருந்து நால்வர் தந்திவாத்தியக் குழு, பியானோக்காரர், கறுப்புச் சால்வை போர்த்துப் பாடுகிற அம்மா என்று பெரிய பெரிய ஆட்கள். கடைசி நாள் பின்னேரம், போர்த்துக்கேயர் கப்பலில் போய் இறங்கிய ஊர்களுக்கென்று திறந்த மேடையில் ஒரு பகுதி ஒதுக்கியிருந்தார்கள். அதில் கோவாவுக்கு அடுத்ததாக மட்டக்களப்பு. அந்தப் பெயரை விழா மலரில் ஏற்ற றீற்றா பட்ட பாடு கொஞ்சமல்ல. எட்டு மாதம் விடாமல் எழுதி, படம் அனுப்பி, பாட்டு அனுப்பி, கடைசியில் நேரிலேயே போய்க் குந்திக்கொண்டாள்.

ஏனென்று கேட்டால், அவளுக்கு அலுத்துவிட்டது. றீற்றா றொசைறோ மட்டக்களப்புப் பறங்கிச்சி. நானூறு வருடத்துக்கு முன் வந்திறங்கிய போர்த்துக்கேயரின் வழி. ஸ்காபரோவில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள். டன்டாஸ் வீதிப் போர்த்துக்கேய பேக்கரியில் கேக்குக்குப் பெயர் கொடுத்தால், “எங்கட பெயராச்சே! கலியாணம் கட்டி வந்ததோ?” என்று அந்த அம்மா கேட்பா. பிறந்ததே இந்தப் பெயரோடுதான் என்றால் ஒரு சிரிப்பு. இந்தப் பக்கம் தமிழ்க் கடைக்குப் போனால், “உங்கட தமிழ் நல்லா இருக்கு, எங்க படிச்சனீங்கள்?” என்பார்கள். எங்கே படிப்பது? அம்மாவின் மடியில் படித்தது! அங்கேயும் விருந்தாளி, இங்கேயும் விருந்தாளி. ஒரு நாளாவது, பத்து நிமிடமாவது, இது எங்களுடையது என்று நாலு பேர் முன்னால் நிமிர்ந்து நிற்க வேண்டும். அவள் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

அந்தப் பத்து நிமிடத்துக்குத்தான் இப்போது ஆள் குறைகிறது. அவர்கள் ஆட வந்தது லான்சர். நாலு சோடி நாலு பக்கமும் சதுரமாக நின்று, ஒவ்வொரு மாற்றத்துக்கும் எதிர்ப் பக்கத்தோடு இடம் மாறி ஆடுகிற கலியாண வீட்டு ஆட்டம். ஒரு பக்கம் வெறுமையாகக் கிடந்தால் எதிரே நிற்கிறவர் காற்றுக்குத்தான் கும்பிடு போடவேண்டும்.

வயலின்காரர் கஸ்பர் அண்ணை விஷயத்தைக் கேட்டதும் வில்லைப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்.

“மூணு சோடியோட ஆடினா அது லான்சராகா? நான் வாசிக்க மாட்டன்.”

“அண்ணை, எட்டு மாசம் நாயா அலைஞ்சிருக்கன்.”

“அலைஞ்சதுக்காகத்தான் சொல்றன். இத்தனை சனத்துக்கு முன்னால நொண்டி ஆட்டம் காட்டப் போறியா? ஆளக் கொண்டா. மாறுற இடம் தெரிஞ்ச ஆளாக் கொண்டா.”

மாறுகிற இடம் தெரிந்த ஆளுக்கு ரொறொன்ரோவில் எங்கே போவது? இருக்கிற பறங்கிக் குடும்பங்களே விரல்விட்டு எண்ணலாம். ஆடக்கூடியவர்கள் எல்லாரும் ஏற்கனவே பாவாடையும் கோட்டும் போட்டுக்கொண்டு மேடைக்குப் பின்னால் நின்றார்கள். விழாக்காரப் பெண் வந்து, கோவா முடியப் போகிறது, தயாரா என்று கேட்டாள். றீற்றா ஓமென்று தலையாட்டிவிட்டு, சனத்துக்குள் இறங்கி ஓடினாள். யாரைத் தேடுகிறாள் என்று அவளுக்கே தெரியாது.

மூன்றாவது வரிசையில் தில்லையம்பலம் அங்கிள் இருந்தார். அஜின்கோர்ட்டில் அவர்களுடைய கட்டடத்தில்தான் அவரும். இவர்கள் ஒத்திகை பார்த்த பார்ட்டி றூமுக்கு நேர் மேலே அவருடைய வீடு. பெண்சாதி போன பிறகு தனி ஆள். றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலில் கச்சேரி என்றால் முன் வரிசையில் தொடையில் தாளம் போட்டபடி இருப்பார். பாடகர் ஒரு இடத்தில் சறுக்கினால் ஊருக்கே கேட்கத் தொண்டையைச் செருமுவார். ஒத்திகை தொடங்கிய முதல் கிழமையிலிருந்தே முறைப்பாடு. “உந்தக் கூத்தை எப்ப நிப்பாட்டுவியள்?” என்று படியிறங்கி வந்து வாசலில் நிற்காத சனிக்கிழமை இல்லை. அவருடைய வாயை அடைக்கத்தான் றீற்றா ரிக்கெற் கொடுத்துத் தன் காரிலேயே கூட்டிவந்திருந்தாள்.

“என்ன பிள்ளை, முகம் பேயறைஞ்ச மாதிரி?”

சொன்னாள். அழுகை வந்துவிடும்போல இருந்தது. அவர் ஒரு சொட்டு இரக்கம் காட்டவில்லை.

“மரியோ வராதது ஒருவகையில நல்லதுதான். மூண்டாவது மாத்தத்தில மனுசன் எப்பவும் அரை அடி பிந்தித்தானே வாறவர். மூண்டு மூண்டாப் போற திஸ்ர நடையில அரை அடி எண்டா என்ன சும்மாவே? எல்லாரும் வலப்பக்கம் போய் முடிய, அவர் அப்பத்தான் காலைத் தூக்குவார். எத்தினை தரம் வாசலில நிண்டு பாத்துத் தலையில அடிச்சனான்!”

றீற்றா அவருடைய கையைப் பார்த்தாள். பேசிக்கொண்டிருக்கும்போதே விரல்கள் தொடையில் ஆறு ஆறாகத் தட்டிக்கொண்டிருந்தன. மேடையில் கோவாக்காரர் பாடுவது வேறு தாளம். இது லான்சர்!

“அங்கிள், எழும்புங்க.”

“எங்கை?”

“மேடைக்கு.”

“ஆர், நானோ? உமக்கென்ன விசரே?”

“முதல் மாத்தம் எந்தப் பக்கம்?”

“இடப்பக்கம்,” என்றார் யோசிக்காமலே. சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

“ஒவ்வொரு சனியும் வந்து சண்டை பிடிச்சீங்களே, அதுக்கு இது தண்டனை. வாங்க.”

“கோயில் ஆக்கள் ஆரும் கண்டா என்ன கதைப்பினம்? பொம்பிளையின்ர கையைப் பிடிச்சு… இந்த வயசிலை… சீச்சீ!”

றீற்றா இடுப்பில் செருகியிருந்த வெள்ளைக் கைக்குட்டையை உருவினாள். “கையப் பிடிக்க வேணாம். இதில ஒரு நுனி உங்களுக்கு, ஒரு நுனி எனக்கு. சரியா?”

கிழவர் கைக்குட்டையைப் பார்த்தார். மேடையைப் பார்த்தார். முன்னும் பின்னும் தெரிந்த முகம் ஏதும் உண்டா என்றும் பார்த்தார். பிறகு, எச்சில் தொடுகிறவர் மாதிரி, இரண்டு விரலால் நுனியைப் பிடித்தார்.

மேடையில் அவரைக் கண்டதும் கஸ்பர் அண்ணைக்குக் கண் பிதுங்கியது. “இவரா? பொலிசைக் கூப்பிடுவன் எண்டவராகா?”

“மாறுற இடம் தெரிஞ்ச ஆளக் கேட்டீங்க. இந்தா கொண்டந்திருக்கன்,” என்றாள் றீற்றா.

வில் நரம்பில் விழுந்தது. முதல் சுற்றில் அங்கிளின் கால் மரக்கட்டை. றீற்றா கைக்குட்டையைச் சுண்டிச் சுண்டி இழுத்தாள். முன்னால் யாரோ சிரிப்பது கேட்டது, அவளுக்குக் காது சுட்டது. போச்சு, மானம் போச்சு என்று நினைத்தாள். இரண்டாவது மாற்றத்தில் அவர் வாய்க்குள் எண்ணத் தொடங்கினார். மூன்றாவது வந்தது, மரியோ வருடக்கணக்காகத் தவறவிட்ட அந்த இடம். தில்லையம்பலம், றண்ணிங் சப்பாத்தோடு, அடி பிசகாமல் வலப்பக்கம் திரும்பி, எதிரே நின்ற சோடிக்குத் தலை வணங்கி, திரும்பி வந்து நின்றார் பாருங்கள்! கஸ்பர் அண்ணை வாசிப்பதை விடாமலே “சபாஷ்!” என்று கத்திவிட்டார்.

அதற்குப் பிறகு யார் யாரைப் பிடிப்பது? தாளம் ஏறியது. முன் வரிசையில் இருந்த போர்த்துக்கேயப் பெண்கள் கை தட்டத் தொடங்கினார்கள். தட்டு சரியாக அந்த ஆறில் விழுந்தது. ஒரு அம்மா கைப்பையைக் கதிரையில் எறிந்துவிட்டு எழுந்து, நின்ற இடத்திலேயே இடுப்பில் கை வைத்து ஆடினா. தன் ஊர்க் கலியாண வீட்டில் நிற்பதுபோலவே ஆடினா. சுழன்று வரும்போது றீற்றா அந்த முகத்தைக் கண்டாள். பேக்கரி அம்மா! அவவும் கண்டுவிட்டா. “றொசைறோ!” என்று அவ போட்ட கூச்சல் வயலினையும் மீறிக் கேட்டது. றீற்றாவுக்குச் சந்தோஷத்தில் அழவும் நேரமில்லை, அடுத்த மாற்றம் வந்துவிட்டது.

ஆட்டம் முடிந்தபோது சனம் எழுந்து நின்றது. இறங்க விடவில்லை, இன்னொரு தரம் என்று காலால் தரையைத் தட்டினார்கள். விழாக்காரப் பெண் மணிக்கூட்டைப் பார்த்தாள், சனத்தைப் பார்த்தாள், சிரித்துக்கொண்டே கையை விரித்தாள். கஸ்பர் அண்ணை நெற்றியைத் துடைத்துவிட்டு மறுபடி வில்லை எடுத்தார்.

“இந்தமுறை கொஞ்சம் விறுவிறுப்பா வாசியும்,” என்றார் தில்லையம்பலம், மூச்சு வாங்க. “போன தரம் இழுபட்டது.”

அப்போதுதான் றீற்றா குனிந்து பார்த்தாள். அவளுடைய கை அவருடைய கைக்குள் இருந்தது, இறுக்கமாக. கைக்குட்டை எந்தச் சுற்றில் விழுந்ததோ தெரியாது. ஏரிக்காற்றில் மேடையின் ஓரமாக உருண்டு போய்க்கொண்டிருந்தது. அதை எடுக்க ஒருவரும் குனியவில்லை.