அரைக்கம்பத்து ஓநாய்

முடியில் முதுபனி தங்க, அடியில் இளம்புல் தளிர்க்க, இடையே உருகுநீர் ஓடைகள் வெள்ளிச் சரடுகளெனச் சரிந்திறங்கும் நார்வே நாட்டு மலைச்சரிவொன்றில், நாட்டுத் திருநாட் காலையில், உல்வ்லி என்னும் சிற்றூர் தன் முதற்கொடியைக் காணத் திரண்டு நின்றது. மார்பில் வெள்ளிக் குமிழ்கள் மின்னும் மகளிரையும், கருந்தொப்பி அணிந்த ஆடவரையும் கண்டு விழாவென்றே கொள்வீர், நற்றமிழ் நெஞ்சத்தீர். ஆயின், கொடிக்கயிற்றைப் பற்றி நின்ற சிக்ரூன் முகத்தில் விழாவின் சுவடு சிறிதும் இல்லை.

அவள் ஆடு வளர்ப்பவள். ஊர்மன்றத்துக் கொடியேற்றும் பொறுப்பும் அவளுடையதே. சென்ற இலையுதிர் பருவத்தில் மலைமேய்ச்சலினின்றும் மந்தையை இறக்கிக் கொணரச் சென்றவள், கழுத்துமணி ஒன்றும் ஒலிக்காத மேட்டில், ஓநாய்கள் கிழித்தெறிந்த உடல்களையே கண்டாள். இன்று அவள் ஏற்றவேண்டிய கொடியிலோ, நீலப் புலத்தின்மேல் வெள்ளி ஓநாயொன்று வாய்திறந்து நின்றது.

அது வந்த வழி விந்தையானது. ஊரார் நாவில் அவ்வூர் என்றும் உல்லிதான். 'உல்' என்பது அவர் மொழியில் கம்பளி. முன்னொரு காலத்தில் நிலமளக்க வந்த அயலூரான் ஒருவன், செவியிற் பட்டதைத் திருத்துவதாக எண்ணி, ஓநாயைக் குறிக்கும் 'உல்வ்' என்னும் சொல்லைப் பெயரிற் புகுத்தி, வரைபடத்தில் உல்வ்லி என எழுதிச் சென்றான். ஊர்க்குச் சின்னம் வகுக்கப் புகுந்த மன்றத் தலைவன் ஹால்வோர், நாவை விடுத்து எழுத்தை நம்பினான். அவன் சிக்ரூனுக்கு உடன்பிறந்த மூத்தோன்.

"ஏத்தும்மா சிக்ரூன், எல்லாரும் பாத்துக்கிட்டு நிக்கிறாங்க," என்றான் அவன்.

"ஓரெழுத்து இடுக்குல ஓநாய் வந்து படுத்துக்கிச்சு, அண்ணே. அத நீ கொடியில வேற தூக்கி வெச்சுட்ட. வாயில ஒரு சொட்டு ரத்தம் காணோமே, யாரு தொடச்சு விட்டா?"

"சின்னத்துக்கு ரெண்டு நிறந்தான் விதி. செவப்புக்கு எடமில்ல. நாக்கக்கூட வெள்ளையாத்தான் வரையணும்."

"அதான பாத்தேன். கொன்னதுக்கு வெள்ளி, செத்ததுக்கு எடமில்ல."

"ஆடு போட்ட கொடிய எவன் மதிப்பான்? பக்கத்து ஊர்க்காரன் சிரிப்பான். என் மானத்த வாங்காத தாயி, ஏத்து."

அவள் கயிற்றை இழுத்தாள். கொடி உச்சியைத் தொட்டது. ஓநாய் காற்றில் உயிர்பெற்றுத் துள்ளியது. கைதட்டல் மலையில் மோதி மீண்டது. ஹால்வோர் நிம்மதியாக மூச்செறிந்தான். ஆயினும் அவள் முடிச்சிடவில்லை. கொடியை மெல்ல மெல்ல இறக்கி, கம்பத்தின் நடுவில் நிறுத்தி, அதன்பின்னரே கயிற்றைக் கட்டினாள்.

ஊரில் ஓருயிர் நீங்கின், கொடியை முடிவரை ஏற்றிப் பின் பாதிக்கு இறக்குதல் அவர் வழக்கம். காண்பவர் முதலில் தொப்பியை எடுப்பர், யாரென வினவுவது அதன் பின்பே. கைதட்டல் கரைந்தது. தொப்பிகள் ஒவ்வொன்றாய்த் தலை நீங்கின.

"யாரு போயிட்டாங்க?" என்று அண்டைவீட்டு எய்னார் தாழ்குரலில் வினவினார்.

"என் மந்தை. போன வருசமே போயிருச்சு. யாரும் கேக்கல, அதான் இன்னிக்குச் சொல்றேன்."

எடுத்த தொப்பியை மீண்டும் அணிய எவர்க்கும் கை எழவில்லை. கயிற்றை அவிழ்க்க ஓரடி முன்வைத்த ஹால்வோர், வெறுந்தலைகள் அனைத்தும் தன்னையே நோக்கக் கண்டு நின்றான். பின்னர், தங்கையை நேர்நோக்காமலே, தன் தொப்பியையும் எடுத்தான். காற்று அடங்கிற்று. கொடி கம்பத்தோடு ஒட்டித் தொங்க, மடிப்பினுள் ஓநாய் மறைந்தது. வாய் மட்டும் வெளியே தெரிந்தது.

தன் முகமென ஒன்றை உயர்த்தும் ஊர், அதன் நிழலில் எவர் அழுதனர் என்று கேளாமலே உயர்த்துமாயின், அக்கொடி எத்துணை உயரத்திற் பறப்பினும், அரைக்கம்பத்திலேயே பறக்கின்றது.