ஈர ஜல்லி

விடியுமுன்னே தார் காய்ச்சும் கொப்பரைக்கு அடியில் விறகு எரிந்துகொண்டிருந்தது. தேனியில் பஞ்சு மில்லுக்கு முன்னால் லாரிகள் நிற்பதற்குத் தார்த்தளம் போட்டுக்கொண்டிருந்தோம். ஆடி மாதம். மலைப்பக்கமிருந்து சாரல் பிசுபிசுவென்று இறங்கியது. பெண்கள் ஜல்லிச் சட்டி சுமந்து நடந்தார்கள். காலில் சாக்குச் சுற்றியிருந்தும் உள்ளங்கால் கொப்பளித்துக் கிடந்தது. அவர்கள் கொட்டக் கொட்ட நான் ஜல்லியைத் தட்டிச் சமன் செய்தேன்.

ஆதித்தன் மட்டும் கொப்பரையடியில் குளிர் காய்ந்துகொண்டிருந்தான். தார் காய்ச்சுகிறவன் அல்லவா, ராசா! எங்களை 'ஏலே' என்கிற கண்டிராக்டர் பொன்னுராஜ் அவனை மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். என் பெண்டாட்டி பஞ்சம்மாளே ஒருநாள், "ஆதித்தண்ணே ஊத்துனா ஒரு சொட்டுத் தெறிக்காதுய்யா" என்று மெச்சினாள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. வயிறு எரிந்தது, மறைப்பானேன்.

தார் ஊற்றுமுன் ஜல்லிக்குள் புறங்கையை விட்டுப் பார்ப்பது அவன் வழக்கம். ஈரம் பட்டால் வாளியைத் தொடமாட்டான். இந்தச் சாரலிலும் கையை விட்டு எடுத்து உதறினான்.

"ஈரமா இருக்கு மொதலாளி. தார் ஒட்டாது. வாளியும் நனைஞ்சுருக்கு, கொதிக்கிற தார் பட்டாப் பொங்கிரும். வெயில் வரட்டும்."

"நாளைக்கு லாரி வருது. வெயிலுக்கு நான் எங்கன போக? ஊத்துறியா, வீட்டுக்குப் போறியா?" என்றார் பொன்னுராஜ்.

"ஊத்த மாட்டேன்."

"நான் ஊத்துறேன் மொதலாளி." சொன்னது நான்தான். எத்தனை நாள் காத்திருந்த வாய்!

வாளியை மேலாகத் துடைத்தேன். அடியில் தண்ணீர் நின்றதைப் பார்க்கிற புத்தி அப்போது இல்லை. தாரை மொண்டதும் வாளி சீறிப் பொங்கியது. பக்கத்தில் சட்டியோடு வந்த பஞ்சம்மாளின் முன்கையில் தெறித்தது. அவள் அலறினாள். ஆதித்தன்தான் ஓடிவந்து குடத்துத் தண்ணீரைக் கையில் ஊற்றினான். "பிய்க்காதத்தா, தோலோட வந்துரும்" என்றான்.

"உன் பவிசுக்கு என் கை வெந்துபோச்சுய்யா" என்றாள் என்னைப் பார்த்து.

பொன்னுராஜ் குடைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார். "அவளை ஓரமா உக்காரச் சொல்லு. நீ ஊத்து, தவசி. இனிமே கொப்பரை உனக்குத்தான். ஆதித்தன் நாளையிலருந்து வர வேண்டாம்."

என் பெயர் அவர் வாயில் வந்தது அதுதான் முதல் தடவை. இனித்தது. ஐயோ, இனிக்கத்தான் செய்தது. பஞ்சம்மாளின் முன்கையில் தார் கருப்பாக ஒட்டிக் கிடந்தது. வாளியைக் கீழே வைத்தேன்.

"ஆதித்தனை வெரட்டிட்டுக் குடுக்குற கொப்பரை எனக்கு வேண்டாம். ஈரத்துல ஊத்தவும் மாட்டேன். மொதல்ல இவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க."

"ஊருல ஆளா இல்ல? தேவாரம் ஊருல இருந்து ஆளைக் கொண்டாருவேன்."

"கொண்டாங்க. அவுகளுக்கும் வேகுற தோலுதான். நாங்க சொன்னாக் கேப்பாக" என்று ஜல்லி சுமந்துகொண்டிருந்த மலையம்மாள் சட்டியை இறக்கினாள். மற்றச் சட்டிகளும் ஒவ்வொன்றாக இறங்கின.

ரோட்டில் போன வண்டியொன்றை நிறுத்தி மலையம்மாள் பஞ்சம்மாளை ஏற்றினாள். நானும் ஏறப் போனேன்.

"நீ இங்கனயே இரு. எங்கூட வந்தா, நைசாக் கழண்டுட்டான்னு நெனப்பாக" என்றாள் பஞ்சம்மாள்.

பொன்னுராஜ் மில்லுக்குள் போனார். போலீசோடு வருவாரோ, புது ஆட்களோடு வருவாரோ தெரியாது. எல்லோரும் மில் வாசலை மறித்து உட்கார்ந்தோம். பொறாமை போய்விட்டதென்று சொன்னால் பொய். நான் மில் கதவையே திரும்பித் திரும்பிப் பார்க்க, ஆதித்தன் முகத்தில் துளிக் கலக்கமில்லை. அதற்கும் பொறாமைப்பட்டேன்.

"ஏலே, தள்ளி உக்காரு" என்றேன்.

நகர்ந்து இடம் விட்டான். அவனை ஒட்டி உட்கார்ந்தேன்.