பல்லிக்காக நனைத்த குடோன்

திண்டிவனத்தில் மல்லாட்டை என்கிற நிலக்கடலைக்கு மண்டி வைத்திருந்த மாசிலாமணி, பல்லியைக் கேட்காமல் ஒரு மூட்டையைக்கூட விற்றதில்லை. பல்லி சொல்வதை ஊரில் எல்லாரும்தான் கேட்டார்கள். சுவரில் அது கத்தினால் பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பலன் பார்த்தார்கள். மாசிலாமணிக்கு அப்படிச் சுவரை அண்ணாந்து பார்த்துக் காத்திருக்கப் பொறுமை இல்லை. மீன் வளர்க்கும் கண்ணாடித் தொட்டி ஒன்றை வாங்கி, மேலே கொசுவலை கட்டி, ஒரு பல்லியைச் சம்பளமில்லாத கணக்குப்பிள்ளையாக உள்ளே உட்கார வைத்துவிட்டார். தெற்கிலிருந்து சொன்னது பிடிக்காவிட்டால் தொட்டியைத் தூக்கிக் கிழக்கே வைத்து மறுபடி கேட்பார். கோர்ட்டில்கூட அவ்வளவு சுலபமாக அப்பீல் கிடைக்காது.

சரக்கைப் பற்றிய கேள்விக்குச் சரக்கு இருக்கும் இடத்தில் சொன்னால்தான் பலிக்கும் என்பது அவராகக் கண்டுபிடித்த சாஸ்திரம். அதனால் தொட்டி குடோனில், மூட்டைகளுக்கு நடுவே இருந்தது.

எண்பத்து மூன்றாம் வருஷம் தையில் வாங்கிப் போட்ட மல்லாட்டைக் காய் முழுதும் சித்திரை பிறந்தும் குடோனை விட்டு நகரவில்லை. வைகாசியில் மகள் செங்கமலத்துக்குக் கல்யாணம். அந்தக் காயை விற்றால்தான் பந்தலே போட முடியும். விலை நன்றாக ஏறியிருந்தது. விழுப்புரத்து எண்ணெய் மில் முதலாளி கோதண்டபாணியும் ஆள்மேல் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார். பல்லி மட்டும் வாயைத் திறக்கவில்லை. மூலையில் வெளுத்துப்போய்க் கிடந்தது.

மாசிலாமணிக்குச் சோறு இறங்கவில்லை. பல்லியைத் தூக்குச்சட்டியில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி, விழுப்புரத்தில் தமக்குத் தெரிந்த மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டர் தேவசகாயத்திடம் காட்டினார். தேவசகாயம் சிரிப்பை அடக்கிக்கொண்டு பார்த்தார்.

"தோலு உரிக்கிற நேரம்ங்க. காத்து வறண்டு கெடக்குது பாருங்க, உரிய முடியாம வெரல்ல ஒட்டிக்கினு நிக்குது. தொட்டியில ஒரு மூலையில ஈரத்துணி போட்டு வையுங்க. போதும்."

போதும் என்ற சொல் மாசிலாமணியின் வியாபாரத்தில் கிடையாது. ஒரு மூலைத் துணி பல்லிக்கு நல்லதென்றால் நாலு பக்கமும் நனைந்த சாக்கு இன்னும் நல்லதுதானே? தொட்டியைச் சுற்றி ஈரச்சாக்கு கட்டினார். அக்கினி வெயிலில் அது உடனே காய்ந்தது. தரையெல்லாம் தண்ணீர் ஊற்றினார். ஈரம் தப்பி ஓடக்கூடாதென்று ஜன்னலை அடைத்து, கதவிடுக்கில் கந்தலைத் திணித்தார். தெருக்குழாயடியில் பெண்கள் ஒரு குடம் தண்ணீருக்குக் குடுமிப்பிடிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, மண்டிப் பல்லிக்குக் குடம் குடமாகப் போய்க்கொண்டிருந்தது.

மனைவி அம்மணி குடோன் வாசலில் வந்து நின்றாள். "ஏங்க, மூட்டைங்க நடுவுல தண்ணி ஊத்திக்கினு கீறீங்களே, காயி இன்னாத்துக்கு ஆவும்?"

"ஈரத்தப் பத்தி எனக்கே சொல்ல வந்துட்டியா? ஒரு காயக் காதுகிட்ட குலுக்கினாலே ஈரம் எவ்ளோன்னு சொல்றவன்டி நான்!"

அது உண்மைதான். ஆனால் அவர் குலுக்கியதெல்லாம் அடுத்தவர் காயை. தம் காயைக் குலுக்கிப் பார்க்கும் பழக்கம் அவருக்கு இல்லை.

பல்லிக்கு அந்த ஈரம் பிடித்துவிட்டது. தோலை உரித்துத் தானே தின்று, பளபளவென்று தேறி, ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அழகாகக் கிழக்கிலிருந்து சொன்னது. செங்கமலம் முதல்முதலாக அப்பா என்று கூப்பிட்டபோதுகூட மாசிலாமணி அப்படிக் கண்கலங்கவில்லை. உடனே மில்லுக்குச் சொல்லியனுப்பினார்.

கோதண்டபாணி லாரியோடு வந்தார். கதவைத் திறந்ததும் உள்ளேயிருந்து வந்த நாற்றத்தில் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். அடி மூட்டையைக் குத்தூசியால் கிழித்ததும் சாம்பல் பூத்த காய் பொலபொலவென்று கொட்டியது. உடைத்தால் பருப்பு கறுத்துக் கிடந்தது. அடுத்த மூட்டையும் அப்படித்தான்.

"இன்னா மாசிலாமணி இது? காயா, எருவா?"

மாசிலாமணி ஒரு காயை எடுத்து வேட்டியில் துடைத்துக் காட்டினார். "மேலாப்புலதாங்க ஈரம். ஒரு வெயிலு காட்டினா சரியாப் பூடும். பொண்ணு கல்யாணத்த வெச்சிக்கினு கீறேன், கொஞ்சம் பாத்து எடுத்துக்குங்க மொதலாளி."

சொல்லி முடித்த பிறகுதான் அந்த வார்த்தைகள் அவருக்கு உறைத்தன. வண்டி கட்டிக்கொண்டு வருகிற குடியானவர்கள் வருஷா வருஷம் மண்டி வாசலில் நின்று கெஞ்சும் வார்த்தைகள் அவை. தாம் என்ன பதில் சொல்வோம் என்பதும் ஞாபகம் வந்தது. கோதண்டபாணி அதைத்தான் சொன்னார்.

"கல்யாணம் உன் வூட்டுதுய்யா. அதுக்கு நான் இன்னா பண்ண முடியும்?" என்றவர், டிரைவரைப் பார்த்து, "வண்டியத் திருப்புப்பா" என்றார்.

லாரி காலியாகப் போனது. தொட்டிக்குள் பல்லி விடாமல் கத்திக்கொண்டிருந்தது. அம்மணி வந்து ஒரு மூட்டைக்குள் கையை விட்டு எடுத்து, விரல்களைப் பார்த்துவிட்டு முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"கல்யாணத்தத் தள்ளி வெக்கணும்னு மாப்ள வூட்டுக்கு நீங்களே போய்ச் சொல்லிட்டு வாங்க" என்றாள். "அந்தப் பல்லியையும் கூட இட்டுக்கினு போங்க. நீங்க சொன்னா யாரு நம்பப் போறாங்க?"

மாசிலாமணி செருப்பை மாட்டிக்கொண்டார்.