ஒரு மேடா, இரண்டா

பிம்ப்ரி மருந்து ஆலையில் டேங்க் கழுவுகிறவன் சபரி. ஒரு மருந்து முடிந்து அடுத்தது ஏறுவதற்கு முன் எஃகுத் தொட்டிக்குள் இறங்கி, சோப்புக் கரைசலால் தேய்த்து அலச வேண்டும். இன்று காலை காண்டிராக்டர் அவனுடைய கேட் பாஸைப் பிடுங்கிக்கொண்டான். தொட்டிச் சுவரைத் துடைத்தெடுத்த பஞ்சில் பழைய மருந்து இருக்கிறதென்று லேப் சொல்லிவிட்டது.

அந்த முடிவில் கையெழுத்துப் போட்டவள் லேபில் சோதனை செய்யும் சுப்ரஜா. போட்டதிலிருந்து அவளுக்கு நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. சோதனைக் கருவியின் திரையில் ஓடிய கோட்டில் எழுந்த மேடு, மருந்து வரவேண்டிய இடத்தில்தான் நின்றது. ஆனால் வலது தோள் சரிந்து கிடந்தது.

“ஜாக்சன் சார், இது ஒரு மேடு இல்லீங்க. ரெண்டு ஒட்டிக்கிட்டு நிக்குது. சோப்பும் மருந்து மாதிரியே ஒளிருமுங்க, மருந்துக்குப் பின்னாடியே வரும்.”

லேபின் தலைவர் ஜாக்சன் கண்டோன்மென்டில் பிறந்து வளர்ந்தவர்; பேச்சில் இந்தி கலக்கும். “அரே, ஃபெயில்னா ஃபெயில். பாஸ் ஆவற வரைக்கும் மறுபடி மறுபடி டெஸ்ட் போட்டுப் பாத்தாங்கன்னு ஆடிட்டர் எழுதுவான். நௌக்ரி வேணுமா வேணாமா உனக்கு?”

“பாஸ் ஆக்கச் சொல்லலைங்க. செட்டிங்கைப் பாருங்க.”

அந்த லேபில், மேடு இல்லாத இடத்தில் ஓடும் அடிக்கோடு இஸ்திரி போட்டதுபோல் இருக்க வேண்டும். அதற்காக ஒளிர்வைப் பிடிக்கும் டிடெக்டரை மந்தமாக வைத்திருந்தார்கள்: நொடிக்கு ஒரு புள்ளி, பல நொடிகளின் சராசரி. மருந்தைப் பிரிக்கும் குழாய் நீளமாக இருந்தவரை மேடுகள் ஆற அமர வந்தன. போன மாதம் குட்டைக் குழாய் மாட்டினார்கள். இப்போது மேடு வந்த வேகத்தில் போய்விடுகிறது. செட்டிங்கை மட்டும் எவரும் தொடவில்லை; அடுத்தடுத்து இரண்டு மேடு வந்தாலும் அது ஒன்றாகக் குழைத்துவிடும்.

“பழைய டேட்டாவையே பிரிச்சுப் பாரேன்.”

“எடுக்காத புள்ளியை எங்கிருந்துங்க கொண்டாரது?”

பஞ்சிலிருந்து எடுத்த சாறு, கருவிக்குள் ஒரே ஓர் ஊசி போடத்தான் மிச்சம். செட்டிங் தப்பினால் சபரிக்குக் கேட் மூடியதுதான்.

ஜாக்சன் முனகிக்கொண்டே அனுமதி கொடுத்தார். சுப்ரஜா மருந்தையும் சோப்பையும் தானே கலந்து, முதலில் அதை ஓட்டினாள். பழைய செட்டிங்கில் அதே சரிந்த தோள். நொடிக்கு எடுக்கும் புள்ளிகளை அதிகமாக்கி, சராசரியை அடியோடு நீக்கினாள். கோடு முழுக்கப் புல் முளைத்தது.

“ச்சீ, காக்கா கிளறின மாதிரி!” என்றார் ஜாக்சன்.

புள்ளிகளை அப்படியே விட்டு, சராசரியை மட்டும் துளித்துளியாக ஏற்றினாள். புல் படிந்தது. மேட்டின் நடுவே பள்ளம் விழுந்தது. அந்த இடத்தில் நிறுத்திக் கடைசி ஊசியைப் போட்டாள்.

ஜன்னலுக்குப் போனாள், திரைக்கு வந்தாள், மறுபடி ஜன்னலுக்குப் போனாள். கீழே கேட்டுக்கு வெளியே சபரி வடாபாவ் பொட்டலத்தைப் பிரிக்காமல் குந்தியிருந்தான்.

திரையில் மருந்து மேடு, அனுமதித்த வரம்புக்குக் கீழே அடங்கிக் கிடந்தது. பக்கத்தில் சோப்பு, ஆள் உயரத்துக்கு.

“தேச்சிருக்கான். அலசலை,” என்றார் ஜாக்சன்.

சுப்ரஜா கேட்டுக்கு ஓடினாள். “அண்ணா, மருந்து இல்லீங்க. சோப்புத்தான் நின்னுபோச்சு. அலசலீங்களா?”

“எதை வெச்சு அலசறது மேடம்? பாதியில பைப்பை மூடிட்டான் காண்டிராக்டர். தண்ணி ஜாஸ்தி ஆவுதாம். டேங்க்குக்குள்ள நின்னு கத்தினா எவன் காதுல விழும்?”

மூச்சு வாங்க ஜாக்சன் பின்னால் வந்து நின்றார். “கேட் பாஸைத் திரும்பத் தரச் சொல்றேன்பா. ஆனா டேங்க் ஃபெயில்தான். மறுபடி இறங்கணும்.”

சபரி பொட்டலத்தைப் பிரித்து ஒரு வாய் கடித்தான்.

“இறங்கறேன் சார். மொதல்ல பைப்பைத் தொறந்து வுடச் சொல்லுங்க. தண்ணி வர்றதைப் பாத்துட்டு இறங்கறேன்.”