தோளில் ஒரு நீலம்

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு. பூனாகலைத் தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கும் தயாபரன், மலைக்காட்டு ஓடையில் வழுக்கி விழுந்து, காலில் மாக்கட்டோடு வீட்டில் கிடந்தார். அவர் தேடிப் போனது சீழ்க்கைப் பூங்குருவியை. மைனாவைவிடச் சற்றுச் சிறியது. இலங்கையின் உயர்ந்த ஈரக்காடுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாதது. அன்று அதன் விசில் மட்டும் கேட்டது. அண்ணாந்து பார்த்ததில்தான் கால் தவறியது.

"அது இங்க இருக்குறத யாராவது கண்ணால பாத்துட்டாப் போதும்" என்று பொழுதெல்லாம் அவர் புலம்பியதைப் பொறுக்காமல், ஒரு காலையில் மனைவி விஜயலெட்சுமி பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கிளம்பினாள். அதுவரை அவள் அதைத் தொட்டதே இல்லை.

மத்தியானம் திரும்பி வந்தாள். "கருப்பா ஒரு குருவி பாத்தேங்க."

"அலகு?"

"மஞ்சளா இருந்துச்சு."

"அது வேற. நம்ம வீட்டுப் பின்னாலயே திரியுது. இதுக்கு அலகு கருப்பு, தோள்ல நீலம் இருக்கும். இதுகூடத் தெரியாம போனியா?"

"ஒரு நாளாவது என்னையக் கூட்டிட்டுப் போனீங்களா? இப்ப மட்டும் திட்டுறீங்க!"

மறுநாள் அவள் மறுபடி கிளம்பியபோது, "பாறையெல்லாம் பாசி, பாத்துப் போ" என்று மட்டும் சொன்னார்.

இம்முறை அவள் ஓடைக்கரையில் அசையாமல் உட்கார்ந்தாள். காலில் ஏறிய அட்டையைப் பிடுங்கி எறிந்தாள். வெகுநேரம் கழித்து ஈரப் பாறையில் தவிட்டு நிறக் குருவி ஒன்று வந்து நின்றது. இதுவாக இருக்காது என்று நினைத்தவள், அலகைக் கவனித்தாள். கருப்பு. குருவி வெயில் பக்கம் திரும்பியதும் தோளில் நீலம் மின்னி மறைந்தது.

மூச்சிரைக்க வீட்டுக்கு வந்தாள். "உடம்பெல்லாம் தவிட்டு நிறங்க. அலகு கருப்பு. தோள்ல மட்டும் இத்துனூண்டு நீலம்."

தயாபரன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "விஜி, அது பெட்டை! ஆண்தான் கருநீலமா இருக்கும். பெட்டை தவிட்டு நிறம்னு நான் ஒங்கிட்ட சொல்லவே இல்லையே!" அவர் கண் கலங்கிவிட்டது.

அன்று மாலையே பண்டாரவளையில் இருந்த பறவைக் கூட்டாளி இத்ரூசுக்குப் போன் போட்டார். "நான் பாக்கல இத்ரூஸ். என் மனைவிதான் பாத்தா."

கட்டுப் பிரித்து, கால் தேறிய பிறகு இருவரும் சேர்ந்து போனார்கள். காலை முழுக்கக் காத்திருந்தும் குருவி வரவில்லை.

"இப்புடித்தான் இம்புட்டு வருசமா உக்காந்திருந்தீங்களா?" என்றாள்.

"ஆமா. தனியா."

விஜயலெட்சுமி பிளாஸ்கைத் திறந்து அவருக்குத் தேத்தண்ணி ஊற்றினாள்.